அந்த ஐந்து பேரும் நான்தான்

தம்பி,

உன் படிவத்தின் கடைசிப் பெட்டியில் இதை எழுதுகிறேன். ‘வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் இங்கே எழுதவும்’ என்று போட்டிருக்கிறாய் அல்லவா, அந்தப் பெட்டியில். அதில் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பிடிக்கிறவரை எழுதுகிறேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. ஆனால் நேரில் நான் வாயைத் திறந்தால், காதில் மாட்டியிருப்பதில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ‘அப்புறம்மா’ என்பாய். படிவத்தில் யார் எழுதினாலும் ஒரு வரி விடாமல் படிக்கிறாய். முகம் தெரியாத டிக்ளிபூர் பையன் ஒருவன் எழுதியதை இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன். அதனால் நானும் வரிசையில் வந்து நிற்கிறேன். முப்பது வருடமாகக் கப்பல் டிக்கெட் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவளை வெளியே வரிசையில் நிற்க வைத்துவிட்டாய்.

‘லீக்கைத் தொடரலாமா, மூடிவிடலாமா?’ என்பது நீ கேட்டிருக்கும் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு பதில் வாங்குவதை நிறுத்துகிறாய். புதன்கிழமை உனக்குச் சென்னைக் கப்பல். விமானத்தில் போ என்றால் கேட்கவில்லை, மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டே போகிறேன் என்கிறாய். அந்த மூன்று நாளில் என்னைப் பற்றி என்ன நினைக்கப் போகிறாயோ என்று பயமாக இருக்கிறது. உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். படித்து முடித்ததும் இதை அப்படியே, ஹிந்தியிலும் மாற்றி, உன் லீக் குரூப்பில் போட்டுவிடு. அங்கே எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீ இந்த லீக்கைத் தொடங்கியபோது நான் அதை மதிக்கவில்லை. நாலு நாலு பேராகச் சேர்ந்து போன் விளையாட்டில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வதற்கு அட்டவணை, விதி, நடுவர், அரையிறுதி என்று நீ சார்ட் பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியபோது, ‘வேலை இல்லாதவன் வேலை’ என்று உன் அப்பாவிடம் சொன்னேன். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஆயுள் முழுக்க ரம்பச் சத்தத்தில் இருந்ததாலோ என்னவோ, என் பேச்சுக்கு அவர் சுலபத்தில் பதில் சொல்ல மாட்டார். ‘பரவால்ல, அட்டவணை நல்லாப் போட்ருக்கான்’ என்று மட்டும் சொன்னார். எட்டு அணிகள் சேர்ந்தன. இங்கே போர்ட் பிளேரில், டெலானிபூர் நம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒரு அணி, பாம்பூஃபிளாட்டில் ஒன்று, ஹட் பே, டிக்ளிபூர், கடைசியில் கார் நிக்கோபார். படகு இன்ஜின் பார்க்கிறவர், பேக்கரிக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் யாரோ. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தீவு முழுக்க உட்கார்ந்து கத்துகிற மாதிரி இருக்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் குரலை முதலில் கேட்டேன். ‘பேட்டா, நெட் சலா கயா, ருக்கோ’ என்று அவள் சொல்ல, நீ ‘ஜீ தீதி, ஆராம் சே’ என்றாய். லைன் போய்விட்டது மகனே, கொஞ்சம் இரு என்கிறாள். மெதுவாக வாருங்கள் அக்கா என்று நீ சொல்கிறாய். என்னிடம் என்றைக்காவது மெதுவாக வா என்று சொல்லியிருக்கிறாயா? சாப்பிடக் கூப்பிட்டு நான் இரண்டாவது தடவை வாசலில் வந்து நின்றால் ‘ஏம்மா படுத்துற’ என்பாய். ஸ்டெல்லா தீதி, ஸ்டெல்லா தீதி என்று வாரம் முழுக்க அதே பெயர். முதலில் நான் காதல் என்றுதான் நினைத்தேன். காதல் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஒரு மாதம் அழுவேன், பிறகு புடவை எடுக்கப் போய்விடுவேன். விசாரித்தால் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, கார் நிக்கோபாரில் பள்ளிக்கூட டீச்சர், அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரு கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு அணி நடத்துகிறாள் என்று தெரிந்தது. ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் முன்பைவிட மோசமாக எரிந்தது. காதலியாக இருந்தால் வேறு இடத்தில் உட்கார வந்தவள் என்று விட்டுவிடலாம். இவள் என் வேலையைச் செய்கிறாளே.

ஒரு திங்கட்கிழமை நீயாகவே எழுந்து, பல் தேய்த்து, மேஜையில் வந்து உட்கார்ந்தாய். மணி எட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘என்னடா, உடம்புக்கு ஏதாவதா?’ என்றேன். ‘தீதி திட்டுனாங்கம்மா. காலைல சாப்டாம பன்னெண்டு மணி வரைக்கும் ஸ்க்ரீனயே பாத்துட்டிருந்தா தலைவலி வராம என்ன வரும்னாங்க. சரின்னு தோணுச்சு’ என்றாய். இட்லித் தட்டை நான் வைத்த வேகத்தில் சட்னி மேஜையில் சிந்தியது. ஞாபகம் இருக்கிறதா? பத்து வருடமாக இதே வாயால் இதே வார்த்தையைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுநூறு கிலோமீட்டர் இருக்குமா கார் நிக்கோபார்? அதில் பாதிகூட இருக்காது, சரி. அங்கிருந்து ஒருத்தி ஒரு தடவை சொன்னது உன் மண்டையில் ஏறுகிறது. அடுப்படியிலிருந்து நான் சொன்னது ஏறவில்லை. நீ நாலு இட்லி சாப்பிட்டாய். நான் அன்றைக்குச் சாப்பிடாமலே வேலைக்குப் போனேன்.

இது எனக்குப் புதிய வியாதி இல்லை. உனக்கு ஏழு வயதில் எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு வங்காளி ஆன்ட்டி இருந்தாள். அவள் வீட்டுக் கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு வந்து, ‘நீ செய்யறது ஏம்மா இப்டி இல்ல?’ என்று கேட்டாய். அடுத்த இரண்டு வாரம் உனக்குச் சளி என்று சொல்லி உன்னை அங்கே அனுப்பவில்லை. உனக்குச் சளியே இல்லை. வாசலில் வந்து அவள், ‘பாபு கைஸா ஹை?’ என்று கவலையோடு உன்னைப் பற்றி விசாரித்தபோது, ‘தோடா கம் ஹுவா’, கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று கூசாமல் சொன்னேன். பிறகு அவளிடமே போய் அந்தக் கிச்சடியைக் கற்றுக்கொண்டேன். அதற்குள் உனக்கு அது சலித்துப்போயிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரிய பாவத்தைச் சொல்வதற்கு முன்னால் சின்னதைச் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

முதல் சீசன் முடிந்ததும் நீ ஒரு படிவம் விட்டாய். என்ன நன்றாக இருந்தது, என்ன மாற வேண்டும், நடுவர்கள் சரியா, நேரம் சரியா என்று கேள்விகள். பெயர் எழுதக் கட்டாயமில்லை என்று போட்டாய், பயந்தவனும் மனதில் இருப்பதைச் சொல்லட்டும் என்று. பதில்கள் வர வர, சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினாய். ‘நடுவர் தூங்குகிறார்’ என்று ஒருவன், ‘எங்க ஊரிலும் ஒரு ஃபைனல் வையுங்கள்’ என்று ஒருவன். அப்புறம் அவளுடையது வந்தது. நாலு பக்கம். கப்பல் வருகிற நாளில் கார் நிக்கோபாருக்கு ஆட்டம் வைக்காதே, அன்றைக்கு ஊரே கப்பல் துறையில் இருக்கும் என்று எழுதியிருந்தாள். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் போடாதே, ஹிந்தியிலும் போடு. தோற்ற அணியைக் கேலி செய்து படம் போடுகிறவனுக்கு ஒரு வாரம் தடை கொடு. கடைசியில், ‘எதை மாற்றினாலும் லைன் போனால் மறு ஆட்டம் என்ற விதியை மட்டும் எடுத்துவிடாதே, பேட்டா. எங்களை மாதிரித் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அதுதான் டிக்கெட்.’ நீ போனைக் கீழே வைத்துவிட்டு, ‘எவ்ளோ தெளிவா எழுதிருக்காங்க பாரும்மா’ என்றாய். உன் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்த வெளிச்சம்தான். மூன்றாம் வகுப்பில் நீ வரைந்த கப்பலை நான் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியபோது அது என் பக்கம் திரும்பியிருந்தது.

‘நானும் ஒண்ணு சொல்லட்டா?’ என்று கேட்டேன். உண்மையாகவே சொல்வதற்கு இருந்தது. ஒரு சீசன் முழுக்கச் சுவர் வழியாகக் கேட்டவளுக்கு எந்த நடுவர் தூங்குகிறார் என்று தெரியாதா? நீ சிரித்துவிட்டு, ‘அம்மா, இது ப்ளேயர்ஸ்க்கும்மா’ என்றாய். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

மறுநாள் மத்தியானம், கவுன்டரில் சாப்பாட்டு நேரப் பலகையை வைத்துவிட்டு, உன் படிவத்தைத் திறந்தேன். தம்பி, எனக்கு ஆபீஸ் தெரியும். ஒரே ஒரு மனு வந்தால் அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதே விஷயத்தை ஐந்து பேர் தனித்தனியாக எழுதினால், மேலதிகாரி மேஜைக்குப் போய்விடும். எங்கள் ஆபீஸில் காரியம் ஆக வேண்டியவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. இத்தனை வருடம் அடுத்தவர்கள் செய்யும்போது கண்டுபிடித்துச் சிரித்தவள், அன்றைக்கு நானே உட்கார்ந்து செய்தேன். ஐந்து படிவம். இரண்டு தமிழில், இரண்டு ஹிந்தியில், ஒன்று ஆங்கிலத்தில். ஐந்திலும் ஒரே கோரிக்கை: கார் நிக்கோபார் அணியின் லைன் அடிக்கடி போவதால் மற்றவர்களின் நேரம் வீணாகிறது, லைன் போனால் மறு ஆட்டம் தரக் கூடாது, எதிரணி ஜெயித்ததாக அறிவிக்க வேண்டும். அவள் எதைத் தொடாதே என்றாளோ, தேடிப் போய் அதையே தொட்டேன். அவளை வெளியே தள்ள அந்த ஒரு கதவு போதும் என்று அவளே காட்டிக் கொடுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் நீ அவற்றை வாசித்தாய். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ‘யாரும்மா இது? எந்த கேமர் கடைசில ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’னு எழுதுவான்?’ என்றாய். உன் அப்பா சாதத்தில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ‘ரசம் ஊத்து’ என்றார். அவ்வளவுதான். நீ இரண்டு நாள் யோசித்தாய். ‘எனக்கு இஷ்டமே இல்லம்மா. ஆனா அஞ்சு பேரு தனித்தனியா ஒரே விஷயத்த எழுதிருக்காங்க. கேட்டுட்டு செய்யலன்னா, அப்புறம் எதுக்கு கேக்கணும்?’ என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘கரெக்ட்தான்டா, நாலு பேர் சொல்றத கேக்கணும்’ என்று சொன்னேன்.

இரண்டாவது சீசனில் கார் நிக்கோபார் அணி முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டில் ஒரு குண்டுகூடச் சுடாமல் தோற்றது. மழைக் காலம், லைன் நிற்கவில்லை. நீ ஐந்து நிமிடம் எண்ணிவிட்டு எதிரணிக்கு வெற்றி என்று அறிவித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டேன். மூன்றாவது வாரம் அவள் குரூப்பில், ‘டீக் ஹை பேட்டா, சரி. பிள்ளைகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தே தோற்கிறார்கள், பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் விளையாடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்’ என்று எழுதிவிட்டு அணியை விலக்கிக்கொண்டாள். அன்றைக்கு நான் பால் பாயசம் வைத்தேன். ‘என்னம்மா விசேஷம்?’ என்று கேட்டாய். ‘சும்மா’ என்றேன். பொய் சொல்லாமல் எழுதுகிறேன் தம்பி, அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி எட்டு மணிக்கு என் சொல்லைக் கேட்டு மேஜைக்கு வருவாய் என்று நினைத்தேன். நீ மேஜைக்கு வருவதையே நிறுத்திவிட்டாய்.

பிறகு சென்னை வேலை வந்தது. ஆர்டர் வந்த அன்று நம் மூன்று பேருக்கும் இனிப்பு எடுத்து வைத்தேன், நீ பாதி சாப்பிட்டுவிட்டு, ‘லீக்க மூடிடலாம்னு இருக்கேன்’ என்றாய். ஏன் என்று அப்பா கேட்டார். ‘நான் மெயின்லேண்ட் போய்ட்டா தீதிகிட்ட குடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன்ப்பா. இத நடத்தத் தெரிஞ்ச ஆளு அவங்கதான். எல்லாத்தையும் பொறுமையாக் கேப்பாங்க. அவங்களே இல்லன்னா இது என்ன தீவு லீக், போர்ட் பிளேர் பசங்க வெளையாடறதுதான. நான்தான் கெடுத்தேன். அஞ்சு பேரு சொன்னாங்கன்னு ஒருத்தங்கள விட்டுட்டேன்.’ இனிப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாய். நீதான் கெடுத்ததாக நினைத்துக்கொண்டு கப்பல் ஏறப் போகிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கனத்தை மூட்டை கட்டி உன் பெட்டிக்குள் வைத்தவள் நான்.

அப்பா தட்டை எடுத்துக்கொண்டே, ‘போன் போடு’ என்றார். ‘யாருக்கு?’ என்றேன். ‘யாருக்குன்னு உனக்குத் தெரியும்’ என்றார். அவர் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாகிறது.

ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் உன் அட்டவணையில் எல்லா அணித் தலைவர்களின் எண்ணும் இருக்கிறதே. நேற்று மத்தியானம், அதே கவுன்டரில், அதே பலகையை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஹிந்தியில்தான் பேசினோம், நான் தமிழில் எழுதுகிறேன். ‘நான் அருண் அம்மா’ என்றதும், ‘அய்யோ தீதி, நீங்களா? பையனுக்கு ஒண்ணும் இல்லயே?’ என்றாள். முதல் வார்த்தையே அதுதான். அதற்கும் எனக்கு ஒரு நொடி எரிந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை, லீக்கை மூடப் போகிறான், உங்கள் மேல் கோபமில்லையே என்று ஏதோ உளறினேன். ‘கோபம்லாம் எதுக்கு தீதி? அருண் அந்த ‘மம்மி ரூல’ எடுத்துட்டானேன்னு வருத்தம்தான். அத வச்சுத்தான் இந்தப் பிள்ளைங்கள நான் சேத்தேன்’ என்றாள். ‘என்ன ரூல்?’ என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். ‘உங்களுக்கே தெரியாதா? லைன் போனா மறுபடி ஆடலாம்னு ஒரு ரூல் இருந்துச்சே, அதுக்கு அதான் பேரு. அருண் வச்ச பேரு. கப்பல் கேன்சல் ஆனா எங்கம்மா டிக்கெட் பின்னாடி ‘அடுத்த கப்பலுக்குச் செல்லும்’னு எழுதி சீல் போட்டுக் குடுப்பாங்க, கப்பல் வராதது உங்க தப்பு இல்லயேம்பாங்க, ஸ்கூல் விட்டு வந்து கவுன்டர்ல உக்காந்து அதப் பாத்துட்டே இருப்பேன், அதான் இங்கயும்னு சொன்னான். எட்டு டீமும் அப்டித்தான் சொல்லுவோம். லைன் போச்சா, மம்மி ரூல் போடு அப்டின்னு.’

கண்ணாடிக்கு வெளியே யாரோ தட்டினார்கள். நான் நிமிரவில்லை. ‘மம்மி, மம்மி’ என்று சுவர் வழியாக எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது, விளையாட்டில் வருகிற ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். நான் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் வளர்ந்தவள் தம்பி. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய வீட்டுப் பெண். கப்பல் வருமா வராதா என்று மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்த பிள்ளை. அந்தக் காத்திருப்பு தெரிந்ததால்தான் கவுன்டருக்கு வந்த முதல் வருடத்திலிருந்தே அந்த முத்திரையைத் தாராளமாகக் குத்தினேன். என் முப்பது வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதைப் பார்த்து நீ ஒரு விதி எழுதியிருக்கிறாய். அதை ஒழிக்கச் சொல்லி ஐந்து மனு போட்டவள் நான். அவளிடம் சொல்லிவிட்டேன். ‘அந்த ஃபார்ம் அஞ்சையும் போட்டது நான்தான். உங்க மேல பொறாம. என் பையன் உங்க பேச்சக் கேக்கறான்னு பொறாம’ என்றேன்.

பதில் இல்லை. ‘ஹலோ, ஹலோ’ என்றேன். இல்லை. போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கத்தானே வேண்டும். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. வேண்டுமென்றே அணைத்துவிட்டாளா, லைன்தான் போனதா என்று தெரியாமல் இருபது நிமிடம் தவித்தேன். பலகையை எடுத்துவிட்டு ஹேவ்லாக் தீவு டிக்கெட் மூன்றைத் தப்பான தேதிக்குப் போட்டேன். அப்புறம் போன் அடித்தது. அவள்தான். ‘லைன் போச்சு தீதி. எங்க விட்டோம்? அஞ்சு ஃபார்ம்னு சொல்லிட்டிருந்தீங்க, அங்கருந்து சொல்லுங்க’ என்றாள்.

முழுக்கச் சொன்னேன். வரிசையில் ஆள் நிற்க நிற்கச் சொன்னேன். இட்லி, சட்னி, பாயசம் எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. நீ ஏன் அவளிடம் பேசுகிறாய் என்று எனக்கு அப்போது புரிந்தது, அது புரிந்ததும் பிடிக்கவில்லை. முடித்ததும், ‘எனக்குக் கோபம் வருது தீதி. பிள்ளைங்க ரெண்டும் மூணு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிட்டிருந்துச்சுங்க’ என்றாள். சரி என்றேன். பிறகு, ‘திரும்ப வரேன். நடத்தச் சொன்னா நடத்தறேன். ஆனா அருண்கிட்ட நீங்க சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். குரூப்லயும் சொல்லணும். அவன் தன் மேலயே பழி போட்டுட்டிருக்கான்ல’ என்றாள். அதனால்தான் இந்தப் பெட்டி இப்படி நிரம்பி வழிகிறது.

இப்போது என் கருத்து. ப்ளேயர் இல்லாவிட்டாலும் கேட்டுக்கொள். தலையை மட்டும் எண்ணாதே. எந்தச் சீட்டில் யார் உட்கார்ந்து எழுதினார்கள் என்று எண்ணிக்கைக்குத் தெரியாது. சென்னையில் உன் ஆபீஸிலும் ஐந்து பேர் ஒரே குரலில் பேசும்போது, அதற்குப் பின்னால் ஒரே ஒரு வயிற்றெரிச்சல்காரி இருக்கலாம் என்று ஞாபகம் வைத்துக்கொள். இன்னொன்று, உன் படிவத்தை நிரப்புவதற்கும் லைன் வேண்டும். லைன் இல்லாதவன் குறையை நீ எந்தப் பெட்டியிலும் படிக்க முடியாது. என் கவுன்டரில் கண்ணாடியைத் தட்டிக் கத்துகிறவர்கள் எல்லாரும் போர்ட் பிளேர்க்காரர்கள். நிக்கோபார்க்காரர்கள் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார்கள், நான்தான் எழுந்து போய்க் கேட்க வேண்டும். அப்படி நீயோ, இனி அவளோ, பதில் போடாதவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கப்பல் வருகிற நாளில் ஆட்டம் வேண்டாம் என்று அவள் சொன்னது சரி. கப்பல் அட்டவணை மாறினால் முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிடும், நான் சொல்கிறேன். பாம்பூஃபிளாட் ஆட்டத்துக்கு வருகிற நடுவர் உண்மையிலேயே தூங்குகிறார். குறட்டை எனக்குக் கேட்கிறது.

லீக் தொடர வேண்டுமா என்றால், வேண்டும். பழைய ஐந்தையும் அடித்துவிட்டு இந்த ஒன்றைச் சேர்த்துக்கொள். அந்த விதியைப் பழையபடி போடு. அந்த இரண்டு ஆட்டத்தையும் அந்தப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடு.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இப்போது கூடியிருக்கிறது. என் முத்திரையைப் பார்த்து நீ ஒரு விதி எழுதினாய், அதற்கு என் பெயர் வைத்தாய், எட்டு ஊர்க்காரர்கள் அதை வாரா வாரம் சொன்னார்கள். ஒரு சுவர் தள்ளி இருந்த என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாய். அதை நினைத்து நேற்று அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி, எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

சென்னையில் காலையில் சாப்பிட்டாயா என்று யார் கேட்பார்கள் என்று நானாகத்தான் அவளிடம் வாய் விட்டேன். நான் கேட்டால் நீ சாப்பிட மாட்டாய் என்றும் சொன்னேன். எட்டு மணிக்கு அவள் கூப்பிடுவாள். எடு. அவள் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடு. எட்டரைக்கு நான் கூப்பிடுவேன். அவளிடம் சொன்னதை எல்லாம் எனக்கும் ஒரு தடவை சொல், போதும். நடுவில் லைன் போனால் விட்ட இடத்திலிருந்து சொல்.

பெயர் எழுதக் கட்டாயமில்லை என்று இந்தத் தடவையும் போட்டிருக்கிறாய். நான் எழுதுகிறேன்.

அம்மா